மேசையில் மூன்றாவது கோப்பை

உள்ளங்கையில் அடங்கிவிடும் வெள்ளைப் பீங்கான் கோப்பை அது. விளிம்பில் ஓரிடத்தில் சிறு சில்லு பெயர்ந்திருக்கும். யாங்கோனின் தாகேதா பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது இருக்கிறது. தினமும் நான்தான் கழுவுகிறேன். கழுவும்போதெல்லாம் விரல் அந்தச் சில்லைத் தேடிப் போகிறது. அதைத் தொட்டதும் மேடத்தின் முகம் வந்துவிடும். வேண்டாம் என்றாலும் வரும்.

மேடம் வியட்நாம்காரர். யாங்கோனில் தரை ஓடு இறக்குமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியை நடத்தினார். கீழே அலுவலகம், மாடியில் அவர் வீடு. நான் அங்கே எழுத்தர் வேலை பார்த்தேன். காலையில் மாடிக்குப் போய் அன்றைய வேலைகளைச் சொல்ல வேண்டும், ஆனால் தேநீர் முடியும்வரை வேலைப் பேச்சே கிடையாது. எங்கள் ஊர் டீக்கடையில் வெறும் தேநீர் கேட்காமலே மேசைக்கு வந்துவிடும். அதில் கோப்பையை அலசித் தரையில் வீசிவிட்டுப் பால் டீக்காகக் காத்திருப்போம். முதல் நாள் அவர் வீட்டிலும் பழக்க தோஷத்தில் கோப்பையை அலசி ஊற்ற இடம் தேடினேன். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பர்மிய மொழியில் "ஞீமா" என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று. "ஞீமா, நீ கொட்டப் பார்த்தது நல்ல தேயிலை" என்றார். நல்ல தேயிலையோ என்னவோ, எனக்கு வேப்பிலைக் கஷாயம்தான்.

அவர் தேநீர் போடுவதில் அவசரமே இருக்காது. மண் கூஜாவை முதலில் வெந்நீரால் சூடாக்குவார். தேயிலை போட்டு ஊற்றும் முதல் தண்ணீரை வடித்துவிடுவார். இரண்டாவது தண்ணீர் இறங்கியதும் நேராகக் கோப்பைகளில் ஊற்றமாட்டார். எல்லாவற்றையும் ஒரு பெரிய கோப்பைக்கு மாற்றி, அதிலிருந்துதான் சின்னக் கோப்பைகளுக்குப் பகிர்வார். இல்லாவிட்டால் ஒருவருக்குத் தண்ணீராகவும் இன்னொருவருக்குக் கசப்பாகவும் போய்விடுமாம். பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார், வயதில் மூத்தவருக்கு முதலில். நாங்கள் இருந்ததோ இரண்டு பேர், மேசையிலோ மூன்று கோப்பைகள். முதலில் நிறைவது அந்த மூன்றாவதுதான், விளிம்பில் சில்லு பெயர்ந்தது. "அண்ணனுடையது. எனக்கு ஆறு வயதில் போருக்குப் போனார். இன்னும் வரவில்லை" என்று ஒரு நாள் சொன்னார். மேடத்துக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து, இறந்தவரைத்தான் சொல்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

அவருடைய அம்மாவின் நினைவு நாள் வந்தது. அறையின் மேல்தட்டில் அம்மா, அப்பா படங்கள், ஊதுவத்தி, பழங்கள், எல்லாம் தயார். மேடம் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். வருவதற்குள் தேநீரைப் போட்டு அசத்திவிடலாம் என்று எனக்கு ஒரு துடுக்கு. முதல் தண்ணீரை வடித்தேன், பெரிய கோப்பைக்கு மாற்றினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. படங்களுக்கு முன்னால் இரண்டு கோப்பைகள் வைத்தேன். அண்ணன் மட்டும் தனியாக எதற்கு என்று அந்தச் சில்லுக் கோப்பையையும் நிறைத்து, அவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மேடம் பூவோடு உள்ளே வந்தார். மேல்தட்டைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். பூக்கள் கையில் இருக்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா சாகும்போது கேட்டது ஒன்றுதான். அவன் கோப்பை மேசையிலேயே இருக்க வேண்டும் என்று. மேலே இருப்பது இறந்தவர்களுக்கு" என்றார். மாலை போட்ட படம் என்றால் என்னவென்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவள் நான். உயிரோடிருப்பவர் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? "எடுத்துவிடட்டுமா?" என்றேன். "வைத்ததை எடுக்கக் கூடாது, ஞீமா. இதற்குள் அம்மா அங்கே அவனைத் தேடத் தொடங்கியிருப்பார்." அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாளிலிருந்து மேசையில் இரண்டு கோப்பைகள்தான். சில வருடங்களில் கம்பெனியை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது, சில்லுக் கோப்பையைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். எதற்கென்று சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

என் தம்பி காணாமல் போய் இது இரண்டாவது மழைக்காலம். மிங்கலாடோனில் வேலை என்று காலையில் பஸ் ஏறினான். மத்தியானத்திலிருந்து போன் எடுக்கவில்லை. விசாரிக்காத இடமில்லை. அந்த வாரமே அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்து அவன் உட்காரும் பக்கத்தில் மேசையில் வைத்தேன். தினமும் அம்மா, நான், அவன் என்று மூன்று பேருக்குத் தேநீர் போட்டேன். காரியத்தைச் செய்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது மேசை காலியாக இருந்தது. சாமி அலமாரியில், மாலை போட்ட அப்பா படத்தின் முன்னால் அந்தக் கோப்பை இருந்தது, தேநீரோடு.

"எத்தனை நாளைக்கும்மா மேசையில வச்சிக்கிட்டு இருப்பே?" என்றாள் அம்மா. "அப்பாகிட்ட இருந்தா அவரு பாத்துக்குவாரு."

வைத்ததை எடுக்கக் கூடாது என்று மேடம் சொன்னது காதுக்குள் கேட்டது. எடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. ஆறியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். முதல் தண்ணீரை வடித்தேன். முதலில் அம்மாவுக்கு, பிறகு எனக்கு, சின்னவன் என்பதால் கடைசியில் அவனுக்கு.

அம்மா தன் கோப்பையைத் தொடவில்லை. அவனுடையதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி மெல்ல அடங்கியது.

"ஆறிப்போகுதும்மா," என்றாள். "இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து."