பதுங்கு குழிப் படங்களின் பின்பக்கம்

பழைய யுத்தப் படங்களைத் தேடி அலைபவர்கள் இரண்டு மூன்று பேர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார்கள். வீடுகளில் கிடக்கும் படங்களை எப்படிப் போய்ப் பார்ப்பது, எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போனது 1996 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில். பஸ் நேரம், தூரம், காசு எல்லாம் என் பழைய குறிப்புக் கொப்பியில் இருக்கின்றன. இன்றைக்கு அவை செல்லாது என்றாலும் தருகிறேன். சரித்திரம் படிப்பிக்கிறவனுக்கு இலக்கம் இல்லாமல் கதை சொல்ல வராது.

அப்போது மாத்தளையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதலாம் உலக யுத்தம் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதாக அதிபரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் இருந்த ஒரே பதுங்கு குழிப் படம் மையில் ஊறிப்போய், சேற்றில் எருமை கிடக்கிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்த கணித ஆசிரியர் நௌஷாத்தான் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். "எங்கட மச்சான் வச்சிருந்த, சேர். ரெட்டைப் படம். கண்ணாடிக்குள்ளால பாத்தா ஆக்கள் எழும்பி நிப்பாங்க." மச்சான் இப்போது எங்கே என்று கேட்டேன். "தொண்ணூறில வயலுக்குப் போனவர். வரல்ல" என்று சொல்லிவிட்டு அவர் விடைத்தாள் கட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டியில் இருந்து அம்பாறைக்கு காலை 5.45 பஸ். ஏறக்குறைய 180 கிலோமீட்டர், கட்டணம் 62 ரூபாய். மகியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் நான் முன் இருக்கைக் கம்பியை விடவில்லை. நௌஷாத் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நித்திரை. வழியில் நான்கு இடங்களில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில் பையைக் கொட்டச் சொன்னார்கள். அதில் இருந்த உருப்பெருக்கும் கண்ணாடியை ஒரு சிப்பாய் வாங்கித் தன் உள்ளங்கை ரேகையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தான். அம்பாறை போய்ச் சேரும்போது பிற்பகல் ஒன்றரை மணி. அங்கிருந்து கல்முனை பஸ்ஸில் சம்மாந்துறை ஊடாகக் காரைதீவுச் சந்தி. இன்னொரு 25 கிலோமீட்டர் சொச்சம், 11 ரூபாய். அறுவடைக் காலம். வெட்டிய வயல்களுக்கு மேலால் மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று நெருப்பாக வீசியது. சந்திக்கு வடக்கே சாய்ந்தமருதில், கடற்கரைக்கு நடந்து ஐந்து நிமிடத் தூரத்தில் நாங்கள் போகவேண்டிய வீடு.

வீட்டில் நௌஷாத்தின் அக்கா ராஹிலாவும் உம்மாவும் இருந்தார்கள். (அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், அம்மாவை உம்மா. எங்கள் பாட்டன்மாரை நினைத்துச் சிரித்து மானம் போக்கிக்கொள்ளாதீர்கள், நான் போக்கிக்கொண்டேன்.) ராஹிலாவுக்கு நாற்பது வயதிருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலை, கை நிறைய வளையல். ஆறு வருடமாகக் கணவனைக் காணாதவர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். நான் ஏதோ அனுதாபமாக வாயெடுத்தபோது தடுத்துவிட்டார். "அவரு உசிரோட இரிக்காரு சேர். நீங்க முதல்ல தேத்தண்ணியக் குடிங்க." மழை வரும் வராது என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நௌஷாத் என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பெட்டியைத் திறப்பதற்கு முன், ராஹிலா தாத்தா என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பங்கர் இருந்தது. அந்த நாட்களில் அந்தக் கரையோரத்தில் பங்கர் வெட்டாத வளவு குறைவு. வீட்டுக்கு ஒரு கிணறு போல வீட்டுக்கு ஒரு குழி. ஆனால் ராஹிலாவின் கணவர் இஸ்மாயில் வெட்டிய இது வேறு மாதிரி இருந்தது. மற்றவர்கள் சவக்குழி மாதிரி நேராக வெட்டியிருக்க, இது மூன்று முறை வளைந்து போனது. மணல் சரியாமல் இருக்க யூரியா பைகளில் மண் நிரப்பிச் சுவராக அடுக்கி, மேலே தென்னங்குற்றி போட்டு மூடியிருந்தது. நாலரை அடியில் தண்ணீர் ஊறும் ஊர் என்பதால் அடியில் பலகைச் சட்டம். சுவரில் ஓர் ஆள் குறுகிப் படுக்கும் அளவுக்கு ஒரு பொந்து.

"சனம் சிரிச்ச, சேர். இஸ்மாயில் பாம்புக்கு ஊடு கட்டுறான் எண்டு" என்றார் ராஹிலா தாத்தா. "ஒரு வளைவுக்குள்ள ஷெல் விழுந்தா அடுத்த வளைவுல இரிக்கிற ஆக்களுக்குப் படாதாம். படத்தப் பாத்துத்தான் வெட்டின."

நான் உள்ளே இறங்கினேன். வெளியே அவ்வளவு வெயிலும் காற்றும் இருக்க, முதல் வளைவு தாண்டியதும் எல்லாம் நின்றுவிட்டது. கடல் மட்டும் கேட்டது, அதுவும் காதால் அல்ல, காலடிப் பலகைக்குக் கீழே இருந்து. ஆறு வருடப் பழைய குழியில் ஒரு சிலந்தி வலை இல்லை. பலகை கூட்டித் துடைத்திருந்தது. பொந்துக்குள் உறை மாற்றிய ஒரு தலையணை. எனக்குப் பயம் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். யாரோ சற்று முன் எழுந்து போன இடத்தில் நிற்பது போல இருந்தது. தலையணையைத் தொடாமல் மேலே ஏறிவிட்டேன்.

பிறகுதான் பெட்டி வந்தது. இஸ்மாயில் நீர்ப்பாசன வேலையில் வரைபடம் வரைபவராக இருந்தவர். பண்டாரவளைப் பக்கம் இருந்த காலத்தில், ஒரு தோட்டத்துப் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கினாராம். தடித்த அட்டைகள் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் ஒரே படம் இரண்டு தடவை, அருகருகே. மரப்பிடி வைத்த கண்ணாடியில் அட்டையைச் செருகிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, தட்டையாக இருந்தது ஆழமாகிறது. முதல் அட்டையை வைத்தேன். வளைந்து போகும் குழி, மண் மூட்டைச் சுவர், பலகைத் தரை, சுவரில் பொந்து. நான் அரைமணி நேரத்துக்கு முன் நின்ற இடம். எண்பது வருடத்துக்கு முன் எங்கோ பிரான்சில் எடுத்த படத்துக்குள் நான் போய் வந்துவிட்டேன் என்று நினைத்து, அட்டையை உருவி மறுபடியும் செருகினேன்.

ஷெல் அடிக்கும் நாட்களில் பங்கர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இஸ்மாயில் இந்தப் படங்களைக் காட்டுவாராம். படத்தில் உள்ளவர்களும் எங்களைப் போலக் குழிக்குள் இருந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பேன் பார்த்தார்கள், பிறகு வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்வாராம். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் சீமெந்துப் பைக் கடதாசியை ஒட்டி, அழகான எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார். 'தேநீர் கொதிக்கிறது.' 'தலைமயிர் வெட்டுகிறார்கள்.' 'கடிதம் வாசிக்கிறார்.' 'நித்திரை கொள்கிறார்கள்.'

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. கண்காட்சிக்கு அசல் குறிப்பு வேண்டும். கடதாசிக்குக் கீழே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும் என்றேன். தண்ணீர் கொதிக்கும் கேத்தல் ஆவியில் பிடித்தால் பசை இளகும், படத்துக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். ராஹிலா தாத்தா தயங்கவில்லை. "எடுங்க சேர். அவரு சொன்னது சரியா எண்டு பாப்பம்." பத்தரை மணிக்கு முன்பக்க விறாந்தையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தோம். நௌஷாத் கேத்தலைப் பிடித்தார், நான் உரித்தேன், தாத்தா உரித்த கடதாசிகளை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

தேநீர் சரியாக இருந்தது. தலைமயிர் சரி. கடிதம் உண்மையில் வரைபடம், ஆனால் வாசிப்பது சரி. ஒவ்வொன்றுக்கும் நான் தமிழ் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. "பாத்தயா மனே, மச்சான் பொய் சொல்லல்ல" என்றார் தம்பியிடம். எனக்கும் பெருமைதான். பதினேழாவது அட்டை 'நித்திரை கொள்கிறார்கள்.' குழியின் ஓரமாக ஆறேழு பேர். ஒருவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கையைத் தலைக்குக் கீழே வைத்திருந்தான். கடதாசி ஒரே இழுப்பில் வந்தது. கீழே ஒரே வரி. தாக்குதலுக்குப் பின் பிடிக்கப்பட்ட குழியில் இறந்து கிடந்தவர்கள் என்று.

நான் அந்த வரியை இரண்டாம் தடவை வாசித்தேன். நௌஷாத் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நித்திர எண்டுதான் போட்டிரிக்கு தாத்தா" என்றார், கொஞ்சம் அவசரமாக.

ராஹிலா தாத்தா தம்பியைப் பார்க்கவில்லை. "சேர், நீங்க சொல்லுங்க."

காலை முழுக்க சரியான குறிப்பு, சரியான குறிப்பு என்று பீற்றிக்கொண்டவன் நான். "செத்தவர்கள்" என்றேன்.

ராஹிலா தாத்தா அட்டையை வாங்கிக் கண்ணாடியில் செருகி, நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கண்ணில் இருந்து எடுக்காமலே கதைத்தார்.

இஸ்மாயில் காணாமல் போய் ஒரு மாதத்துக்குள் தாத்தாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்து, அடையாளம் காட்டச் சொல்லிப் படங்கள் காட்டியிருக்கிறார்கள். மனைவியை மட்டும் உள்ளே விட்டார்கள். நௌஷாத் வாசலில் நின்றார். அதில் ஒரு படத்தில் வெட்டிய குழி, ஓரமாகச் சாரம் கட்டிய ஆட்கள். "ஒராள் செவருப் பக்கம் திரும்பிப் படுத்திரிந்த. மொகம் தெரியல்ல. சாரன் தெரிஞ்ச. நான் தச்சி மூட்டின சாரன். மூட்டுல கட்டம் ஒண்டோட ஒண்டு சேரல்ல, பிழையா மூட்டிப்போட்டன் எண்டு அவரு பகிடி பண்றவரு." கண்ணாடிப் பிடியை மற்றக் கைக்கு மாற்றினார். "நான் நெனச்ச, அவரு நித்திர கொள்றாரு எண்டு. இந்தப் படம் மாதிரியே இரிந்த. எங்கயோ ஒளிச்சி உசிரோட இரிக்காரு, பேரச் சொன்னா தேடிப் புடிச்சிருவாங்க எண்டு பயந்து, இவரு இல்ல எண்டு சொல்லிப்போட்டன். ஒருத்தருக்கும் சொல்லல்ல. உம்மாக்கும் சொல்லல்ல."

நௌஷாத் கேத்தலைக் கீழே வைத்தார். ஆறு வருடமாக அந்தக் குழி ஏன் கூட்டித் துடைத்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் மன்னிப்புக் கேட்டேன். என்னத்துக்குக் கேட்டேன் என்று இன்றும் தெரியாது.

நௌஷாத் போய்ச் சொல்ல, பன்னிரண்டரைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் இருந்து மௌலவி வந்தார். நான் முற்றத்து மாமரத்தடியில் நின்றேன். கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து தாத்தா கேட்டது எனக்கும் கேட்டது. கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல், அலங்காரம் இல்லாமல் இத்தா இருக்கவேண்டும். அதை இன்றே தொடங்கலாமா என்றார். மௌலவி மெல்லச் சொன்னார். "இத்தாட நாள் மௌத்தான நாள்ல இரிந்துதான் தொடங்கும் மகள். நீங்க அறிஞ்ச நாள்ல இரிந்து இல்ல. அது எப்பவோ முடிஞ்சி பெய்த்து. இனி உங்களுக்குக் கடமை ஒண்டும் இல்ல."

"அந்த நாலு மாசமும் நான் தங்கச்சிர கலியாண வேலையில நிண்ட, மௌலவி" என்றார் தாத்தா. "மருதாணி போட்டிரிந்தன்." அப்போதுதான் அவர் அழுதார். வளையல்களைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தட்டில் வைக்கும் சத்தம் அழுகைக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. நான் ஒரு படத்தையும் கேட்கவில்லை. முப்பத்தெட்டையும் பெட்டியில் அடுக்கி, உரித்த கடதாசிகளை மேலே வைத்து மூடிவிட்டு என் பையை எடுத்தேன்.

திரும்பும் வழிக்குக் குறிப்பு: கல்முனையில் இருந்து அம்பாறை பஸ் அப்போது 3.30க்கு. அதை விட்டால் இருட்ட முன் சோதனைச் சாவடிகளைத் தாண்ட முடியாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், ஊர் பூட்டியிருக்கும். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு உறவுக்காரர் ஒருவரோடு போங்கள். படங்களைப் பாருங்கள், அனுமதி தந்தால் நகல் எடுங்கள். ஆனால் ஒரு வீட்டார் படத்தின் பின்னால் தங்கள் கையால் ஏதாவது எழுதி வைத்திருந்தால், அதுவும் ஒரு சரித்திர ஆவணம்தான். அதை உரிப்பதற்கு முன் அதை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாத்தா கேட்டபடியால் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை, உரித்தது நான்.

கல்முனை பஸ் தரிப்பிடத்தில் நான் தனியாக நின்றபோது மணி மூன்று. தம்பிலி (செவ்விளநீர்) விற்கிறவரிடம் ஏழு ரூபாய்க்கு ஒன்று வெட்டி வாங்கினேன். வாயில் வைக்க முன் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த ஊர்களில் ஒருவர் இறந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரும் ஊரும் உறவும் சொல்லி, கடைசியில் அடக்கம் செய்யும் நேரத்தைச் சொல்வார்கள். கடை, சந்தை, தெரு எல்லாம் ஒரு நிமிடம் நின்று கேட்கும். அன்றும் நின்றது. சாய்ந்தமருதைச் சேர்ந்த இஸ்மாயில், ராஹிலாவின் கணவர், நௌஷாத்தின் மச்சான், மௌத்தாகிவிட்டார். "அன்னாரின் ஜனாஸா நல்லடக்கம்..." என்று பழக்கத்தில் தொடங்கிய குரல் அங்கே நின்றுவிட்டது. இரைச்சல் மட்டும் ஓடியது. யாரோ ஒலிவாங்கியைக் கையால் மூடினார்கள். பிறகு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் அவருக்காகக் காயிப் ஜனாஸாத் தொழுகை, அதாவது உடல் இல்லாத தொழுகை, நடைபெறும் என்று சொல்லி அணைத்தார்கள்.

தம்பிலிக்காரர் கத்தியைச் சாக்கில் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். இரைச்சலில் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

"எத்தின மணிக்கி அடக்கம் எண்டு சொன்ன?"

"நேரம் சொல்லவில்லை" என்றேன்.