வரைபடம் சொன்ன கல், நான் தூக்கிய கல்

1. மஞ்சள் ஸ்டிக்கர்

மீன் தொழிற்சாலை மூடியபின், கொம்யூன் எனப்படும் நகரசபை என்னை வேலைக்கு அனுப்பிய இடம் சேமக்காலை, அதாவது இடுகாடு. ஜட்லாந்தின் மேற்குக் கரையில், கோடையில் மட்டும் சனம் நிரம்பும் சின்னக் கடற்கரைப் பட்டினம் எங்களுடையது. சேமக்காலைக்குப் பொறுப்பாக இருந்தவர் பிர்கிட். முதல் நாள் என் கையில் ஒரு கட்டு மஞ்சள் ஸ்டிக்கர்களைத் தந்தார்.

"பட்டியலிலை இருக்கிற கல்லுகளிலை இதை ஒட்டு. காலம் முடிஞ்ச கல்லுகள். சொந்தக்காரர் ஆரும் வரேல்லையெண்டால் தூக்கிறது."

"தூக்கி?"

"நொறுக்கிறது. பிறகு ரோட்டுக்குப் போடுறது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் புதைகுழி காசு கட்டிய காலத்துக்குத்தான் சொந்தம் என்று அன்றுதான் அறிந்தேன். ஊரில், போரில் செத்த என் தம்பியைப் புதைத்த இடத்தை இராணுவம் புல்டோசர் விட்டு மட்டமாக்கியது. ஒரு கல்லும் மிச்சமில்லை என்று ஃபோனில் கேட்டு அழுதவன் நான். இப்போது அதே வேலைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவி சாந்தியிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, உந்த வேலை வேண்டாம். பாவம் பிடிக்கும்."

"வேறை வேலை ஆர் தாறது?" என்றேன். மறுநாளும் போனேன்.

2. இரண்டு நீல்ஸ்

ஒரு வருடத்துக்குள் அந்தப் பட்டினத்தையும் சுற்றியுள்ள கிராமங்களையும் கல்லில் வாசித்தே அறிந்துகொண்டேன். பழைய கற்களில் பெயரோடு தொழிலும் ஊரும் இருக்கும். கொல்லன், மாலுமி, கடற்கரை ஹோட்டல் சமையல்காரி, புயலில் தவித்த கப்பல்களுக்கு மீட்புப் படகில் துடுப்பு வலித்தவர். பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நீல்ஸ் கிறிஸ்டென்சன் மட்டும் ஐந்து பேர்.

அதில் இரண்டு பேர் நாலாம் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். காலம் முடிந்தது இடப்பக்கக் கல் என்றது பிர்கிட் தந்திருந்த சேமக்காலை வரைபடம். ஆனால் அதன் முன்னால் புதிதாக நட்ட பூச்செடி. வலப்பக்கக் கல்லில் பூ இல்லை. பெயருக்குக் கீழே ஒரே பாசி. பூ வைக்க ஆள் இருக்கிற கல்லை எவன் தூக்குவான்? வரைபடம்தான் பிழை என்று நானே தீர்ப்பெழுதி, வலப்பக்கக் கல்லில் ஸ்டிக்கரை ஒட்டினேன். யாரும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து, பிர்கிட் லீவில் நின்ற கிழமை, நானே அதைத் தூக்கினேன். லொறி வந்து கொண்டுபோனது.

3. இங்கர் வந்த காலை

பனி விட்டதும் ஒரு வயதான அம்மா நடக்கத் துணையான தள்ளுவண்டியைப் பிடித்தபடி வந்தார். கூடையில் ஒரு பூச்செடி. நாலாம் வரிசையில் நின்றவர், அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீல்ஸ் எங்கை?"

பிர்கிட் ஓடிவந்து வரைபடத்தை விரித்தார்.

"இடப்பக்கமெல்லோ!"

"அதிலை பூ இருந்தது."

"மிஞ்சின செடியை எறிய மனமில்லாமல் நான்தான் அதிலை நட்டனான்."

அந்த அம்மாவின் பெயர் இங்கர். இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்காக வைத்தியசாலையில் கிடந்திருக்கிறார். அதனால்தான் புருஷனின் கல்லில் பூ இல்லை.

கல் ஏற்கெனவே நொறுங்கிவிட்டது. படமாவது கிடைக்கும் என்று ஊர் வரலாற்றுக் காப்பகத்துக்கு ஓடினேன். காலம் முடிந்த கற்களை மட்டும்தான் அவர்கள் படமெடுத்து வைப்பார்களாம். இடப்பக்கக் கல்லுக்குரிய பண்ணைக்கார நீல்ஸின் படம் இருந்தது. இங்கரின் நீல்ஸ் மீட்புப் படகு வலித்தவர். அவருடைய கல்லுக்கு ஒரு படமும் இல்லை.

அடுத்த நாள் இங்கரின் வீட்டுக்குப் போனேன். கோப்பி ஊற்றினார். நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். என் மனமும் அவருக்கு விளங்கட்டும் என்று தம்பியின் கதையையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப கல் இல்லாமல் போறதெண்டால் என்னெண்டு உனக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுமோ, பாசியைத் துடைச்சு ஒருக்கா வாசிச்சுப் பாக்கேல்லை?"



இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பிரஷ். பாசியைத் தேய், பெயர், தொழில், ஊர் மூன்றையும் சத்தமாக வாசி, பிறகு வரைபடத்தைப் பார், பூவைப் பார்த்து முடிவெடுக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறேன். நீல்ஸுக்குப் புதுக் கல் வைத்தாயிற்று. என்ன எழுத வேண்டும் என்று இங்கர்தான் சொன்னார். சனிக்கிழமைகளில் அவர் இப்போதும் வருகிறார். எனக்குக் காலை வணக்கமும் சொல்வார். ஆனால் முதலில் நாலாம் வரிசைக்குப் போய், கல்லைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.