கண்மாய்க்குள் விரித்த துணி

நான், என் வீட்டுக்காரி, மகள், மச்சினன், பந்தல் வேலைக்கு வருகிற ஆட்கள் இரண்டு பேர். அன்று காலை கண்மாய்க்குள் நின்றது இவ்வளவு பேர்தான். குன்றாண்டார்கோவில் பக்கம். தண்ணீர் வற்றித் தரை வெடித்துக் கிடந்தது.

நான் பந்தல் போடுகிறவன். மகளுக்குப் பெங்களூரில் வேலை. பூமியைப் படம் எடுக்கிற செயற்கைக்கோளுக்குக் கேமரா செய்கிற சின்னக் கம்பெனி. லென்ஸை ஒருவர் செய்வார், ஒளி வாங்குகிற சிப்பை ஒருவர், கூட்டை ஒருவர். எல்லார் வேலையிலும் கொஞ்சம் பிசகு இருக்கும். அத்தனையும் சேர்ந்தாலும் படம் கெடக்கூடாது. யாருக்கு எவ்வளவு பிசகு விடலாம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

மேலே போனபிறகு கேமரா மங்கலாக எடுத்தது. உள்ளே ஹீட்டர் உண்டு. சூடு ஏற்றினால் கண்ணாடி நகர்ந்து ஃபோகஸ் வரும். முடிந்தமட்டும் ஏற்றியாகிவிட்டது. இனி நகராது. தெளிந்ததா என்று பார்க்க, கறுப்புத் துணியும் வெள்ளைத் துணியும் தரையில் ஒட்டி விரிக்க வேண்டும். பெங்களூரில் மேகம், இங்கே வெயில். துணியோடு வந்துவிட்டாள். மறுநாள் கம்பெனியில் கேமரா தேறுமா தேறாதா என்று சொல்லியாக வேண்டும்.

கயிறு பிடித்து அடையாளம் போட்டுவிட்டு, போன் பேசக் கரைக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் துணி விரித்து முளையும் அடித்தாகிவிட்டது.

"இஞ்சினியரு போட்ட கயிறு கோணலாக் கெடந்துச்சு. நேராக்கிட்டேன்" என்றான் மச்சினன். பந்தல்காரன் கண்ணுக்குக் கோணல் ஆகாது.

அவள் முகம் செத்துப்போனது. ஏசவில்லை.

"கோணலாத்தான் மாமா வேணும்."

படம் வரிசை வரிசையாகப் புள்ளிகளாம். ஒரு புள்ளிக்குள் ஒரு கயிற்றுக் கட்டில் அடங்கும். துணியின் விளிம்பு வரிசைக்கு நேராகக் கிடந்தால் எல்லா வரிசையும் ஒன்றையே காட்டும். சாய்ந்து கிடந்தால்தான் ஒவ்வொரு வரிசையும் விளிம்பை வேறு இடத்தில் வெட்டும். அதை வைத்துத்தான் மங்கலை அளப்பார்களாம்.

செயற்கைக்கோள் வர அரை மணிதான் இருந்தது. முளைகளைப் பிடுங்கினோம். துணி நல்ல கனம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். "பந்தல கோணலாப் போட்டா ஏசுவாங்க. நேராப் போட்டதுக்கு இன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டேன்" என்று மச்சினன் முனகிக்கொண்டே மறுபடி முளை அடித்தான். வெள்ளைத் துணியில் விழுந்த கால் தடத்தை வீட்டுக்காரி மண்டியிட்டு முந்தானையால் துடைத்தாள்.

விலகி நின்றோம். வானத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"படத்துல நாம தெரிவமாடி?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"தெரிய மாட்டோம்மா. துணி மட்டுந்தான்."

"அதுக்கு ஏன் இப்படி வெயில்ல நிக்கிற?" என்று முந்தானையை விரித்து மகள் தலைக்கு மேலே பிடித்தாள். அதில் இருந்த புழுதி அவள் முடியில் கொட்டியது. மகள் தட்டிவிடவில்லை. கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

சாயங்காலம் படம் வந்தது. மகள் வீட்டில் லேப்டாப்பை விரித்தாள். சூடு ஏற்றுவதற்கு முன்னால், விளிம்பில் வெள்ளை கறுப்பாக மாற ஐந்து புள்ளி பிடித்ததாம். இரண்டுக்குள் வந்தால் கேமரா பிழைக்கும். அவள் பின்னால் நின்றேன்.

"சொல்லு ஆத்தா" என்றேன்.

திரையை என் பக்கம் திருப்பினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும்.

1.6