சடையப்பன் கெட்டித்த மருந்து

பத்து வருஷமாக ஆதிலட்சுமி சொந்த வீட்டிலேயே ஓரமாகப் படுத்தவள். நடுக்கூடம் காற்றோட்டமாக, தரை ஜில்லென்று கிடக்கும். அங்கே பாய் விரிக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால் மூட்டைப்பூச்சி என்பாள், கூரை ஒழுகுகிறது என்பாள். பூச்சியும் இல்லை, ஒழுகலும் இல்லை. கூடத்துக்கு மேலே பரணில், சாக்குக்குள் சுற்றி, அவள் புருஷன் சடையப்பனின் நாட்டுத் துப்பாக்கி கிடந்தது.

வெடித்துவிடுமோ என்கிற பயம் ஒன்று. அதையாவது வெளியே சொல்லிவிடலாம். இன்னொன்று இருந்ததே, அதை அவள் பெற்ற பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை. சடையப்பன் அம்மன் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் செய்த சத்தியம் மெய்யா பொய்யா என்பது அந்தக் குழலுக்குள்தான் இருக்கிறது என்று அவள் நம்பினாள். அதைத் திறந்து பார்க்கிற தைரியம் அவளுக்கு வரவேயில்லை.

எழுபத்து நாலில் நடந்தது அது. மானாம்பதிக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். வேர்க்கடலை பிடுங்க இருபது நாள் இருக்கையில் காட்டுப்பன்றி இறங்கியது. பன்றி விரட்டத்தான் சடையப்பனுக்கு லைசென்ஸ். அன்று மத்தியானம் வாசலில் உட்கார்ந்து துப்பாக்கியைக் கெட்டித்தான். இந்தத் துப்பாக்கிக்கு எல்லாமே வாய் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் கருமருந்து, அதன்மேல் நார் வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும்; பிறகு ஈய ரவை, அது கொட்டாமலிருக்க மறுபடி நார். அன்றைக்கென்று பார்த்து வீட்டில் தேங்காய் நார் ஒரு இழைகூட இல்லை. ஆதிலட்சுமி பழைய நீலக்கரைச் சேலையைக் கரித்துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து இரண்டு துண்டைக் கிழித்து, இந்தா, சேலை கட்டிக்கொண்டு போகட்டும் உன் துப்பாக்கி என்று கேலி பேசிக் கொடுத்தாள். அவனும் சிரித்துக்கொண்டே அதை வைத்து இடித்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில், அவன் காவலுக்குப் போயிருந்த கடலைக் கொல்லைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சடையப்பன் பக்கத்துக் கொல்லைக்காரன் வேதகிரியை முதுகில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். வேதகிரி பங்காளி முறை, தம்பி. வலது கண் இருந்த இடத்தில் இரத்தம்தான் இருந்தது. ஆதிலட்சுமி மிச்சமிருந்த சேலை முழுவதையும் அவன் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வண்டி பூட்டிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். கேஸ் ஆகிவிட்டால் ஊரே ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டுமே என்று, கிணறு வெட்ட வெடி வைத்தபோது கல் தெறித்தது என்று ஆஸ்பத்திரியில் எழுத வைத்தார்கள். உயிர் தங்கியது, கண் போயிற்று.

மறுநாள் விடியலில் திரும்பி வந்த சடையப்பன், கொல்லையில் போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தான். பால் கறக்கச் சொம்போடு போன ஆதிலட்சுமி, வைக்கோல் போருக்குப் பின்னால் அவன் முதுகைப் பார்த்தாள். கையிலிருந்த கம்பி குழலுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டக், டக், டக். அவள் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டாள். மருந்து இருக்கிறதா என்று கம்பி விட்டு அளந்து பார்த்தானா, இல்லை சுட்டுவிட்டு, சுட்டது தெரியாமலிருக்க மறுபடி கெட்டித்தானா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை, பாவி. அளந்துதான் பார்த்தான் என்றால் உள்ளே தன் நீலத்துணி இருக்கும். மறுபடி கெட்டித்திருந்தால் வேறு ஏதாவது இருக்கும். அவளுடைய கணக்கு இவ்வளவுதான்.

வேதகிரி கட்டுப் பிரித்து ஊர் திரும்பியதும் பஞ்சாயத்துக் கூடியது. அந்தப் பக்கம் துப்பாக்கியோடு இருந்தவன் நீ ஒருத்தன்தானே என்றார்கள். வேறு யாரோ வேலிக்கு அந்தப்புறம் முயலுக்கு வந்திருக்க வேண்டும், சத்தம் கேட்டுத்தான் ஓடினேன் என்றான் சடையப்பன். முதுகில் சுமந்து வந்ததையும் ஊர் விடவில்லை. குற்றமுள்ள நெஞ்சுதான் அப்படிக் குறுகுறுக்கும் என்றது. துப்பாக்கியைக் கொண்டுவா பார்க்கலாம் என்றபோது, வேண்டாம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டான். பிறகென்ன, சூடம் கொளுத்தினார்கள். நான் சுடவில்லை என்று உள்ளங்கையால் அணைத்தான். பெண்கள் பக்கத்தில் ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மூன்றே மாதத்தில் மஞ்சள் காமாலை வந்து சடையப்பன் படுத்தான். பொய்ச் சத்தியம் பலி கேட்கிறது என்று ஊர் பேசியது. பேசுகிற நாக்குக்கு எலும்பா இருக்கிறது? கடைசி நாளில் அவன் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான். விரலைத் தூக்கிப் பரணைக் காட்டினான்.

"ஆதி, அந்தத் துப்பாக்கில..."

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? கஞ்சியக் குடி," என்றாள் அவள்.

எங்கே 'நான்தான் சுட்டேன்' என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு. அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், அவ்வளவுதான்.

மகள் அம்முலு மட்டும், எங்க நைனா சுடவில்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் சத்தியக் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் ஆதிலட்சுமி அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழையசீவரம் தாண்டி எங்கேயோ கொடுத்தாள். வீடு காலியானதும் சத்தம் ஆரம்பித்தது. அடுத்த வீட்டில் உலக்கை போட்டால் ஆதிலட்சுமிக்கு அது உலக்கையாகக் கேட்காது. வைக்கோல் போருக்குப் பின்னால் கேட்ட அதே டக், டக். பரணில் எலி ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். அடுப்பைக்கூடக் கூடத்துச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வேதகிரி எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வரப்பு மாறிப் போய்விடுவாள். அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு ஒரு தடவை கூப்பிட்டதில்லை.

பழைய மணியக்காரர் ஆதிலட்சுமிக்கு உறவு. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும்போது, செத்தவன் துப்பாக்கி தொலைந்துபோயிற்று என்று சொல்லிச் சமாளித்தார். மணியக்காரர் வேலையையே சர்க்கார் எடுத்துவிட்டு, படித்த பையன்களை வி.ஏ.ஓ.வாகப் போட்டது. எண்பத்து நாலு எலெக்‌ஷனுக்கு, அப்படி வந்தவன் பழைய நோட்டைப் புரட்டிச் சடையப்பன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டான். தலையாரி செங்கேணி வந்து விஷயத்தைச் சொன்னார். பத்து வருஷமாகப் பரணில் கிடக்கிறது, எப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியாது என்று ஆதிலட்சுமி உள்ளதைச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே செங்கேணி பதில் கொண்டுவந்தார்: ஏட்டு வீரபத்திரன் நாளைக் காலையில் நேரில் வருகிறார், அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது.

வீரபத்திரன் வயிறு பெருத்த, பொறுமையான மனிதர். சைக்கிளை நிறுத்தியதும் முதல் வேலையாக அக்கம்பக்கத்து வேடிக்கைக் கூட்டத்தை விரட்டினார். காலியாகத்தான் இருக்கும், எத்தனை வருஷம் ஆயிற்று என்றார் செங்கேணி.

"காலின்னு சொல்லிச் சொல்லித்தான் ஆளு செத்துக்கீறான். மருந்துக்கு வருஷமெல்லாம் தெரியாது," என்றார் ஏட்டு.

ஏணி போட்டு அவரே ஏறினார். சாக்கோடு இறக்கி, துப்பாக்கியின் வாயைக் கொல்லைக் கோடி மண்மேட்டைப் பார்க்கத் திருப்பி, கட்டில் சட்டத்தில் கிடத்திக் கட்டினார். கடைசி வரை வாய்க்கு நேரே அவரும் போகவில்லை, யாரையும் போக விடவுமில்லை. பின்பக்கம் பார்த்தார், விசையை இழுத்தால் குதிரை விழுந்து அடிக்கிற முனையில், மருந்துக்குத் தீப்பொறி கொடுக்கிற கேப்பு ஒன்று பச்சை பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மெல்ல நெம்பி எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் போட்டார். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்.

பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, மரக்கம்பியை வாய் வழியாக அழுத்தாமல் உள்ளே விட்டார். நின்ற இடத்தில், குழல் விளிம்புக்கு நேராகக் கம்பியில் நூலைச் சுற்றினார். வெளியே எடுத்து, நூல் விளிம்புக்கு வரும்படி குழலின்மேலேயே நீட்டி வைத்துக் காட்டினார். காலிக் குழல் என்றால் கம்பி நுனி கேப்பு முனை வரைக்கும் வர வேண்டும்; இது எட்டு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

"மருந்து கீதும்மா," என்றார். "நல்லாவே கீது. இத்தினி வருஷமா இதுங்கீழவா குடித்தனம் பண்ணிக்கினு இருந்த?"

ஆதிலட்சுமிக்கு அது காதில் விழவில்லை. உள்ளே இருப்பது என்ன துணி என்பதிலேயே அவள் உயிர் இருந்தது. ஏட்டு குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, வெற்றிலை போட்டார். நெடுநேரம் கழித்து, நுனியில் திருகு வைத்த இன்னொரு கம்பியை விட்டு முறுக்கி இழுத்தார். கறுத்த கொத்து ஒன்று வந்தது. ஆதிலட்சுமி குனிந்து பார்த்தாள். தேங்காய் நார். ரவை கொட்டியது. அடுத்ததும் நார்தான். அதன் பின்னால் மருந்து கருங்குழம்பாக ஒழுகியது.

அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஆக, அவர் சுட்டிருக்கிறார். சுட்டுவிட்டு, விடியலில் நாரைத் தேடிப் பிடித்துக் கெட்டித்திருக்கிறார். அம்மன் வாசலில், அத்தனை பேருக்கு முன்னால், நெருப்பை அணைத்துப் பொய் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ளவா இவ்வளவு காலம் உயிரோடு இருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். செங்கேணி, அதான் எடுத்தாயிற்றே, கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்றார்.

ஏட்டு அசையவில்லை. எடுத்தோம் என்பதற்காக நம்பிவிடக் கூடாது, மறுபடி அளக்க வேண்டும் என்று பழைய கம்பியையே எடுத்தார். நூலைச் சுற்றினார், குழலின்மேல் நீட்டினார். கம்பி இன்னும் நாலு விரல் குறைவாக நின்றது. அவர் முகம் மாறியது. மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

"அடப்பாவி மனுஷா," என்றார் மெதுவாக. "ஒண்ணுமேல ஒண்ணு போட்டு வச்சிக்கீறான்மா உன் வூட்டுக்காரன். மொதல்ல போட்டதச் சுடவே இல்ல. மனசு ஒரு பக்கம் கிடந்து அடிச்சுக்கும்போது, முன்னமே போட்டது மறந்து கை பாட்டுக்குப் பழகுன வேலையச் செஞ்சுடும். இத வச்சி யாராச்சும் சுட்டிருந்தா குழாயே வெடிச்சு மூஞ்சி போயிருக்கும்."

அதில் யாரும் கை வைக்கக் கூடாது. பஞ்சாயத்தில் அவன் ஒரே பிடியாகச் சொன்னது அவளுக்கு இப்போது காதில் கேட்டது. அந்தத் துப்பாக்கியில், என்று ஆரம்பித்ததும் கேட்டது.

இரண்டாம் முறை திருகு வெளியே வந்தபோது நுனியில் கறுப்புக் கந்தை ஒன்று ஒட்டியிருந்தது. ஏட்டு அதை உதறி எறிந்தார். ஆதிலட்சுமி ஓடிப்போய் எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசினாள். கறுப்பு கரைந்து போகப் போக நீலம் தெரிந்தது. ஓரத்தில் மஞ்சள் கோடுகூட அழியாமல் இருந்தது. மூன்றாவது தடவை கம்பி கேப்பு முனை வரைக்கும் போய் நின்றதை அவள் பார்க்கவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புருஷன் செத்த அன்று அழாத அழுகையை அழுதுகொண்டிருந்தாள். பெண்சாதி நம்பாமல்தானே அந்த மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

ஏட்டு துப்பாக்கியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதும், அவள் முகம்கூடக் கழுவாமல் வேதகிரி கொல்லைக்கு நடந்தாள். அவன் மடை மாற்றிக்கொண்டிருந்தான். பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து அவனுக்கு நேரே போய் நின்றாள். உள்ளங்கையை விரித்தாள். துப்பாக்கிக் குழலுக்குள் அடியிலிருந்து வந்தது, இதற்கு மேலே இன்னொரு மருந்து இருந்தது, ஏட்டும் செங்கேணியும் சாட்சி என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

வேதகிரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு அந்தத் துணியை வாங்கினான். ஒற்றைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனான், விரலால் தடவினான். அதே சேலைதான் அன்று செங்கல்பட்டுப் போய்ச் சேரும் வரை அவன் முகத்தில் கட்டியிருந்தது; ஆஸ்பத்திரியிலிருந்து அது திரும்பி வரவேயில்லை. அவனை அடித்த வெடிக்கு முன்னால் கிழித்த துணி அது என்பதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே அவன் பேசினான். "எனக்கு மொதல்ல அண்ணன் மேல சந்தேகமே இல்ல, அண்ணி. முதுகுல தூக்கிக்கினு ஓடியாந்த மனுஷன். அவரு சூடம் அணைச்சப்ப நான் அவரப் பாக்கல, ஒன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீ தலையக் குனிஞ்சுக்கின. பொண்டாட்டிக்குத் தெரியாதது நமக்கு இன்னா தெரியும்னுதான் நானும் முடிவு பண்ணிக்கினேன்."

மடையில் தண்ணீர் வழிந்து பக்கத்துப் பாத்தியில் ஏறியது. இரண்டு பேரும் அதை அடைக்கப் போகவில்லை. அவன் துணியைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். பரண் காலியாக இருந்தது. நடுக்கூடத்தில் பாயை விரித்தாள், உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, அதைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பழைய ஓரத்திலேயே போட்டுக்கொண்டாள்.