பாடம் படிக்கப் போன கொழும்பு

எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் உம்மாதான். கொரோனாக் காலத்தில் கல்முனையில் பள்ளிக்கூடங்களை மூடியபோது சாப்பாட்டு மேசையில் தொடங்கிய படிப்பு, அவை திறந்த பிறகும் நிற்கவில்லை. எனக்கு முட்டு வருத்தம்; தூசு பட்டால் மூச்சு விடக் கஷ்டம். உம்மாவோ கல்யாணத்துக்கு முன் இங்கிலீஷ் படிப்பித்தவர். இருவருக்கும் அது வசதியாகப் போயிற்று.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா என்றார்கள். உம்மா, வாப்பா, நான். ஒரு கிழமையாக வரைபடமும் கையுமாகத் திரிந்தேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு மாமியிடம், தலைநகரம் கொழும்பு இல்லை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை என்று விளக்கி அவருடைய நித்திரையையும் கெடுத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி. ஒரு நாள் பயணத்துக்கு அவ்வளவு பெரிய சூட்கேஸ் எதற்கென்று கேட்க மட்டும் தெரியவில்லை.

நூதனசாலையில் கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்த்தோம். நாடாளுமன்றத்தைத் அதைச் சுற்றியிருக்கும் ஏரியின் இந்தக் கரையில் நின்று பார்த்தோம். உம்மா ஒவ்வொன்றையும் விளக்கினார். இடைக்கிடை என் முக்காட்டைச் சரிசெய்தார். வாப்பா சூட்கேஸை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பின்னேரம் உம்மா, "இனி எயார்போட்டப் பாப்பம். பிளேன் ஏறுறத்த நீ பாக்கல்லதானே" என்றார். சந்தோஷத்தில் குதித்தேன்.

அங்கே பெரிய திரைக்கு முன்னால் நிறுத்தி, ஊர்ப் பெயர்களை இங்கிலீஷில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தோஹா வந்ததும், "எத்தின மணிக்கு?" என்று கேட்டார். அதையும் பிழையில்லாமல் வாசித்தேன்.

"அதிலதான் உம்மா போறன் மகள்."

பகிடி என்று நினைத்து வாப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து சூட்கேஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வருசம்தான். ஒனக்கொரு ஊடு கட்டணும். ஊடில்லாத புள்ளைக்கு ஆரு மாப்புள தருவாங்க?"

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு வீடு கட்டுவதுதான் பெற்றவர்களின் கவலை. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். வாப்பாவின் புடவைக்கடை படுத்துவிட்டதும் எனக்குத் தெரியும். அதற்காக, பன்னிரண்டு வயதில் நான் மாப்பிள்ளையா கேட்டேன்?

"எனக்கு ஆரு படிப்பிச்சுத் தாற?"

"வாப்பா ஸ்கூல்ல கதைச்சிட்டார். திங்கக்கிழம போகணும்."

எல்லாவற்றையும் முடித்துவிட்டு, என்னை ஏமாற்றுவதற்கு என் படிப்பாசையையே எடுத்திருக்கிறார்கள். வீட்டிலேயே சொல்லியிருந்தால் அழுது புரண்டிருப்பேன், போகவேண்டாமென்று காலைப் பிடித்திருப்பேன். அதற்குக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை. உம்மா சொன்ன ஸலாத்துக்கு நான் பதில் சொல்லவில்லை.

கத்தாரில் அவருக்குக் கிடைத்தது, ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கும் வேலை. அதையும் வாப்பா பிறகுதான் சொன்னார். இரண்டு வருடம் இப்போது மூன்றாகிவிட்டது. வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. போன கிழமை வீடியோவில் அதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை புத்தகத்தோடு வந்து உம்மாவின் மடியில் ஏறி வாசிக்கத் தொடங்கியது. உம்மா என்னைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதன் பிழையைத் திருத்தினார். நான் போனைப் பிடித்துக்கொண்டு, பூசாத சுவர்களுக்கு நடுவே, என்னுடைய வீட்டில் காத்து நின்றேன்.