இல்லாத ஆளை ‘இருக்கிறார்’ என்ற கம்ப்யூட்டர்

போன வியாழக்கிழமை ஒரு கம்ப்யூட்டரோடு சண்டை போட்டேன். சரி, அதற்குப் புரோகிராம் எழுதியவரோடு.

மயிலாப்பூரில் நாங்கள் சிலர் சேர்ந்து, ரத்தம் தேவைப்படுகிறவர்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கிறோம். போன் எடுப்பது என் வேலை. இன்டர்நெட்தான் வந்துவிட்டதே என்று நண்பர் ரமணி எங்களுக்காக ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்தார். ரத்த குரூப்பைத் தட்டினால் கொடுப்பவரின் பெயரும் போன் நம்பரும் வரும். வரவேண்டும்.

வியாழன் காலை ஒரு போன். சேகர் என்று பெயர், திருவல்லிக்கேணியில் மெக்கானிக். மனைவிக்கு மறுநாள் சிசேரியன். ஏபி நெகட்டிவ்.

“தி.நகர் பிரவுசிங் சென்டர்லேர்ந்து பேசறேன் சார். டோனர் இருக்காருன்னு போட்டுக்கீது. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. நேத்துலேர்ந்து பார்த்துக்கினு கீறேன்... எப்ப சார் வரும்?”

எப்படி வரும்? எங்களிடம் அந்த குரூப்பில் ஆளே கிடையாது. ரமணியைப் பிடித்தேன்.

“தேடி யாரும் கிடைக்கலேன்னா ‘நல்’னு ஒண்ணு வரும் சார். ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். வந்தது ஆப்ஜெக்ட்டான்னு, அதாவது ஏதாவது பொருளான்னு, ஜாவாஸ்கிரிப்ட்ங்கற லாங்வேஜைக் கேட்டேன். ஆமான்னுது. உடனே ‘டோனர் இருக்கார்’னு போட்டுடுத்து.”

“ஒண்ணுமில்லாதது எப்படிய்யா ஆப்ஜெக்ட் ஆகும்?”

“அந்த லாங்வேஜ்ல அப்படித்தான் சார்.”

சொல்லும்போது குரலில் ஒரு சின்னப் பெருமை வேறு... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை சேகரிடம் போய்ச் சொல்வாரா?

பிறகு பழைய வழிதான். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். விரல் வலித்தது. கடைசியில் அடையாறு டீச்சர் ஒருவர், “எங்க ஓர்ப்படிக்கு ஏபி நெகட்டிவ்தான். நந்தனத்துல ஆபீஸ். இருங்கோ, கேக்கறேன்” என்றார்.

அந்த ஓர்ப்படி சாயங்காலமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பெண் குழந்தை. சேகர் போன் செய்தார். “ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க சார்” என்று சொல்லி அழுதார்.

ரமணி ஒரே ஒரு வரி சேர்த்தார் – ஆப்ஜெக்ட்டா என்று பார்ப்பதற்கு முன்னால், ‘நல்’தானா என்று பார். இப்போது அந்தப் பக்கம், ‘யாரும் இல்லை, இந்த நம்பருக்குப் பேசுங்கள்’ என்கிறது.

யோசித்தால், நம் ஊரில் பாதிப் பேர் இந்த ஜாதிதான். கேஸ் சிலிண்டர் எங்கே என்றால், “வண்டி கிளம்பிடுச்சு சார்” என்பார்கள். எந்த வண்டி? எங்கிருந்து?

இல்லையென்றால் இல்லை என்று சொல்லித் தொலையுங்கள் – மனுஷன் வேறு கதவையாவது தட்டுவான்.