கம்பி வெந்த வெள்ளிக்கிழமை

ஒரு நாதம் கம்பியில் இருக்கிறதா, விரலில் இருக்கிறதா, கேட்பவர் காதில் இருக்கிறதா? சுவிசேஷமுத்துவுக்கு இந்தக் கேள்வி வந்தது 2006 டிசம்பரில், தாம்பரத்தில் அவர் வீட்டுச் சமையலறையில்.

பகலில் அவர் மின்ரயில் பணிமனையில் எலெக்ட்ரீஷியன். ஞாயிறு ஆராதனையில் பேஸ் கிட்டார். பெரிய வாத்தியக்காரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. மிகையில்லாமல் சொன்னால், தப்பு விடாதவர். பெருங்களத்தூர் ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் ஜாஸ் வாசிக்கும் கீபோர்டுக்காரன் கிருபாவுக்கு ஒரு பேஸ் ஆள் தேவைப்பட்டது. சுவிசேஷமுத்துவுக்கு அந்த இடம் வேண்டும். சாப்பிட வருகிறவர்கள் முன்னால் ஒரு முறையாவது மெதுவாக வாசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஒத்திகையில் கிருபா கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இதான் அண்ணா! வெண்ணெய் மாதிரி. சனிக்கிழமை மேனேஜர் கேப்பாரு. இதே டோனோட வந்துடுங்க."

அது பழைய கம்பியின் புண்ணியம் என்று அவர் நம்பினார். மாதக்கணக்கில் விரல் பிசுக்கு ஏறி, கணீர் என்ற உலோகச் சத்தம் செத்துப்போன கம்பிகள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அந்த நான்கு கம்பிகளும் துண்டின் மேல் பளபளவென்று கிடந்தன. அடுப்பில் குக்கர் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள்.

"கிறிஸ்டினா, இன்னா பண்ணி வச்சிருக்க?"

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கம்பிய வேகவைக்கச் சொல்றது யாரு? அழுக்கு போய் கணீர்னு கேக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இந்த வருஷம் அழுக்குதான்டி வேணும்!"

"அப்போ தலையில எண்ணெய் வழியுதே, அதத் தடவிக்கோங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பிகளை மாட்டி வாசித்துப் பார்த்தார். தகரத்தைத் தட்டியதுபோல் இருந்தது. கிட்டாரில் இருந்த டோன் குமிழை முழுக்கக் குறைத்தார். வலது கையைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் நகர்த்தி, கட்டைவிரலின் சதையால் மீட்டினார். அப்போதும் அவர் காதுக்குத் தகரம்தான்.

சனிக்கிழமை அப்படியே வாசித்தார். மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"அதேதான் அண்ணா, அன்னிக்கு வந்த அதே டோன்தான்," என்றான் கிருபா. "அடுத்த வாரத்துலேர்ந்து வந்துடுங்க."

"நெஜமாவா? நல்லா கேட்டியா?"

"ஏன், கம்பி மாத்திட்டீங்களா?"

"இல்ல," என்றார். அது பொய்யில்லை, உண்மை என்றும் அவருக்குத் தோன்றவில்லை. ஒத்திகையில் தான் கேட்டது தப்பா, இப்போது கிருபா கேட்பது தப்பா? மின்ரயிலில் வீடு வரும்வரை யோசித்தும் பிடிபடவில்லை.

பிறகு பல வருடம் அங்கே வாசித்தார். இடம் கிடைத்த நாளில் இருந்தது எதுவும் மாறிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் கம்பிகளைக் கழற்றி, தானே குக்கரில் போட்டு வேகவைத்தார்.

"அழுக்குதான் வேணும்னீங்களே?" என்று கிறிஸ்டினா ஒருநாள் கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, ஆவி அடிக்கும்," என்றார் அவர்.